அஞ்சு வாட் மிச்சம்

— உங்கட கொம்பியூட்டரில கார்ட் பழுதில்லை, அங்கிள். போன மாதம் வேற கடையில வாங்கிப் பூட்டின இந்தக் கரண்ட் பெட்டி, நெட்ஸ்டைல், அதுக்குத்தான் தெம்பில்லை.

— புதுசு பிள்ளை அது. மேல 'கோல்ட்' எண்டு போட்டிருந்தது. எங்கட ஆக்கள் தங்கத்தைக் கண்டால் விடுவமே?

— கோல்ட் எண்டால் கரண்டைக் கனக்க வீணாக்காது, அவ்வளவுதான். எவ்வளவு சுமக்கும் எண்டதை வாட்டிலதான் பாக்க வேணும். இது வெறும் நானூற்றைம்பது.

— கூட்டிப் பாத்துத்தான் எடுத்தனான், சுபானி. முப்பது வருசம் ஃபக்டரியில மெஷினோட நிண்டவன் நான். படம் காட்டுற கார்ட் முந்நூற்றிருபது, புரொசசர் நூற்றிருபத்தஞ்சு. அஞ்சு வாட் மிச்சம் வருது.

— அஞ்சு வாட்டோ? மதர்போர்ட், ஃபான், டிஸ்க் எல்லாம் விரதமோ? அதோட, கேமில சண்டை சூடு பிடிக்கேக்க கார்ட் கண்வெட்டுற நேரத்துக்கு இரண்டு மடங்கு இழுக்கும். பெட்டி தாங்கேலாமல் நிண்டுபோகும்.

— கெட்டிக்காரி நீர். சும்மா மெயில் பாக்கேக்க ஒண்டுமில்லை. சண்டை நடக்கேக்கதான் பட்டெண்டு நூந்துபோகுது.

— கெனாவ், அதேதான். எண்ணூற்றைம்பது போடுவம், பிறகு யோசிக்கவே தேவையில்லை. ஓடர் பண்ணினால் திங்கட்கிழமை வரும்.

— திங்கள் சரிவராது. ஞாயிறு மூண்டு மணிக்கு முதல் வேணும்.

— என்ன அவசரம்? உங்கட மகன் கார்த்திகன் ஆஹென் கம்பஸிலயெல்லோ படிக்கிறான். இதில ஆர் விளையாடுறது?

— நான்தான்.

— நீங்களோ, மகேந்திரராஜா அங்கிள்?

— சிரிக்காதையும். அவன் படிக்கேல்லை, பிள்ளை. இரண்டு வருசத்துக்கு முன்னம் விட்டிட்டான். நான் இஞ்ச ஹம் நகரம் முழுக்க எஞ்சினியர் முடிக்கப்போறான் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். கோயில் தேர்த் திருவிழாவண்டு, நீர் வரேல்லை, சனத்துக்கு முன்னால, விட்டிட்டன் எண்டு அவனே சொல்லிப்போட்டான். எனக்கு வெட்கம். இனி என்ர முகத்தில முழிக்காதை எண்டு பேசிப்போட்டன். அவன் சொல்வழி கேக்கிற பிள்ளை. முழிக்கவேயில்லை.

— ஃபோன் எடுத்துப் பாத்தீங்களோ?

— நம்பரை மாத்திப்போட்டான். நடுவில நிண்டு கதைக்க அவன்ர அம்மாவும் இப்ப இல்லை. சில நாள் நான் வாயே திறக்கிறேல்லை, பிள்ளை. ஒருநாள் அவன் விட்டிட்டுப் போன இந்தக் கொம்பியூட்டரைப் போட்டுப் பாத்தன். அவன்ர விளையாட்டுப் பேர் கிடந்தது. ஓட்டோ எண்டு ஒரு பேரை வச்சுக்கொண்டு அவன் விளையாடுற கூட்டத்தில நானும் போய்ச் சேர்ந்தன்.

— ஓட்டோவோ?

— என்னோட வேலை செய்த ஜேர்மன்காரன்ர பேர். மைக் போடமாட்டன், குரல் பிடிபட்டிடும். எழுதுறது மட்டும்தான். என்ர டொச் பாஷையில இருக்கிற பிழையளைப் பாத்திட்டு, கைநடுங்குற கிழவன் எண்டு நினைச்சிருக்கிறான். பின்னால நிண்டு காப்பாத்துறான், பிள்ளை. ஒவ்வொரு ஞாயிறும்.

— போன ஞாயிறு நூந்துபோச்சாக்கும்?

— மூண்டு தரம். 'ஓட்டோ, நடுவில விட்டிட்டுப் போறாய், திருப்பியும் இப்பிடியெண்டால் வேற ஆளைச் சேர்க்கப்போறன்' எண்டு எழுதிப்போட்டான். வேற ஆள் வந்தால் எனக்கு ஆர் இருக்கினம், சொல்லும் பாப்பம்?

— சரி. என்ர சொந்தக் கொம்பியூட்டரில எண்ணூற்றைம்பது ஒண்டு இருக்கு, இப்பவே கழட்டிப் பூட்டித் தாறன். புதுசு வந்தால் நான் வச்சுக்கொள்ளுறன். ஆனா உங்கட பழைய வயரைக் கொண்டு வந்து இதில குத்திப்போடாதேங்கோ. ஒவ்வொரு பெட்டிக்கும் அதின்ர வயர்தான். மாறினால் எல்லாம் எரிஞ்சுபோகும்.

— நல்லாயிருப்பீர், பிள்ளை.

— நான் ஒண்டு சொல்லட்டே? இந்த ஞாயிறு உள்ளதை எழுதுங்கோவன். நான்தான் அப்பா எண்டு ஒரு வரி.

— ஏலாது.

— ஏன் ஏலாது? காப்பாத்துற பிள்ளை கோவிக்கமாட்டான்.

— ஒருநாள் மெல்லமாக் கேட்டுப் பாத்தனான், உனக்கு அப்பா இருக்கிறாரோ எண்டு. செத்துப்போனார் எண்டு எழுதினான்.

— அங்கிள்... நீங்கள் என்ன எழுதினீங்கள்?

— வேற என்னத்தை எழுதுறது? ஓட்டோவின்ர ஆழ்ந்த அனுதாபங்கள் எண்டு எழுதினன்.