பத்தாயிரம் அடி நடந்த நாற்காலி

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, ஊழியர் உடல்நல வாரம் கண்ட நிர்வாகப் பெருமக்களே, மூத்தவர்களே, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தொலைபேசிக்குப் பதில் சொல்லிச் சொல்லியே இடுப்பொடிந்த என் தோழர்களே, வணக்கம்.

இன்று காலை நான் செய்த முதல் வேலை, மருத்துவமனைக்குப் போய் என் பக்கத்து இருக்கை அக்காவுக்குத் தலை வாரிவிட்டது. பதினொரு ஆண்டுகள் உட்கார்ந்தே உழைத்தவர். காலில் உறைந்த ரத்தம் நுரையீரல் வரை போய்விட்டது. மருத்துவர் கேட்டார்: "நடுவுல எழுந்து நாலு அடி நடக்கக் கூடாதாம்மா?"

நடக்கலாமா? ஐந்து நிமிடம் எழுந்தால் மேற்பார்வையாளர் திரையில் சிவப்பு விளக்கு எரியும். விளக்கம் கேட்டு ஓலை வரும். அப்படிப்பட்ட இடத்தில்தான் எங்கள் கையில் அடி எண்ணும் பட்டையைக் கட்டினீர்கள். தினமும் பத்தாயிரம் அடி நட, நடந்தவர்களுக்குக் குலுக்கலில் பரிசு என்றீர்கள். எழாதே என்பதும் நீங்கள், நட என்பதும் நீங்கள்! கட்டிப்போட்ட கால் எந்த ஊரில் ஓடும்?

சிரிக்காதீர்கள், நாங்கள் ஓடிய கதையையும் கேளுங்கள். ஐந்து மாடிக்கும் டீ சுமக்கும் அம்மாவின் கையில் ஏழு பேர் பட்டைகளையும் மாட்டிவிட்டோம்.

"என்னடி இது, முழங்கை வரைக்கும் அடுக்கிட்டீங்க? வளையல் கடை மாதிரி இருக்கேன்!"

"என் காலையும் சேர்த்துத்தாம்மா குடுத்திருக்கேன், படியில போட்டுடாதீங்க" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். அப்போதே அவர் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பார்த்தேன். அழைப்பு வந்தது, திரும்பிக்கொண்டேன்.

நேற்று அவருக்கு அலுவலகக் கடிதம். தாங்கள் நாள்தோறும் பத்தாயிரம் அடி நடந்தவர்; நோய்க்கும் வேலைக்கும் தொடர்பில்லை; திங்களன்று வராவிட்டால் வேலை இல்லை.

"நல்லா எழுதியிருக்காங்கடி. படிச்சதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நெஜமாவே நடந்துட்டேனோன்னு" என்கிறார்.

நடந்தது யார்? டீ அம்மா. படுத்தது யார்? அக்கா. முதல் பரிசு யாருக்கு? எனக்கு! ஐயா, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், முடித்துவிடுகிறேன்.

என் கணவரிடம்கூட இன்னும் சொல்லாததைச் சொல்கிறேன். இந்தப் பரிசு எனக்கு வேண்டாம். பட்டை சொன்னது பொய், அந்தப் பொய்யில் எனக்கும் பங்குண்டு என்று எழுதி, கையெழுத்திட்டு, நாளை தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். என் வேலை போகலாம். டீ அம்மாவை நோக்கி யாரும் விரல் நீட்டாதீர்கள், அவர் கையில் மாட்டியவள் நான்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. என்னோடு கையெழுத்திடத் துணிந்தவர்கள் இருந்தால், எழுந்திருங்கள். வணக்கம்.