ஹலாப்பாவில் கேட்ட மறுகருத்து

இரண்டு கடைகளில் விசாரிக்காமல் நான் மீன்கூட வாங்குவதில்லை, ஐயா. என் தங்கையின் முதுகெலும்பை ஒரே மருத்துவரை நம்பியா ஒப்படைப்பேன்?

ஹெர்மிலா என்னைவிட எட்டு வயது இளையவள். வெராக்ரூஸ் சதுக்கத்தில் இசைக்குழு வாசிக்கும் மாலைகளில், மனைவியை இழந்த தோன் எவாரிஸ்தோவுடன் தான்சோன் ஆடுவாள். அந்த ஆட்டத்தின் நடுவே இணைகள் அசையாமல் நின்று விசிறிக்கொள்வார்கள். இசையின் அடுத்த பகுதி தொடங்கியதும் மீண்டும் ஆடுவார்கள். ஒரு மாலை எல்லோரும் ஆடத் தொடங்கினார்கள். அவளுடைய இடக்கால் மட்டும் தொடங்கவில்லை.

"என்னம்மா, இன்னும் காத்து வாங்கி முடியலையா?" என்றார் எவாரிஸ்தோ.

"உங்க மூஞ்சியப் பாத்துக் கால் மயங்கிடுச்சு," என்றாள். உதடுகள் வெளுத்திருந்தன.

முதுகெலும்பில் உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் எங்கள் மருத்துவர்.

"இன்னொருத்தரையும் கேட்டுடலாம் அக்கா. எவாரிஸ்தோ வீட்டுக்கு நான் நடந்து போகணும். கல்யாணப் பொண்ணத் தூக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும்."

கல்யாணம் என்ற சொல்லை நான் கேட்டது அப்போதுதான்.

ஹலாப்பா நகரத்து நிபுணரும் அதையே சொன்னார்; அந்த வாரமே செய்யாவிட்டால் கால்கள் போய்விடும் என்றும் சொன்னார். ஹெர்மிலா அடுத்த அறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் கெட்ட செய்தியை முதலில் குடும்பத்தில் மூத்தவரிடம் சொல்வதே மரியாதை. பக்குவமாக அவளிடம் எடுத்துச் சொல்கிறேன் என்றேன். அவரும் நம்பினார்.

வெளியே வந்ததும், "கத்தியே வேண்டாமாம். எலும்பு நீவுறவர் போதுமாம்," என்றேன். நடுத்தெருவில் என்னைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். காப்பிக் கடையில் இருவரும் சிரித்த சிரிப்பில் பணியாளரும் சேர்ந்துகொண்டார். அத்தனை இனிய பிற்பகல் எங்களுக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை.

நீவுபவர் முழங்கையை ஊன்றி முறையாகவே அழுத்தினார். அந்த மாதம் முடியுமுன் இரு கால்களும் ஓய்ந்தன.

இப்போது வீடு ஒழுங்காக இருக்கிறது. சாப்பாடு நேரம் தவறாமல் நடக்கிறது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறது, தங்கையும் அப்படியே.

எவாரிஸ்தோ ஹலாப்பாவுக்கே போய் விசாரித்திருக்கிறார். அதனால்தான் வாக்குமூலம் வாங்க நீங்கள் வந்திருக்கிறீர்கள். நான் மறைத்ததையும், தெரிந்தே மறைத்ததையும் பிழையின்றி எழுதிக்கொள்ளுங்கள். அவள் என்னை விட்டுப் போக விரும்பினாள் என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்கு ஆதாரமில்லை.