கல் பிளக்கும் கோடு

எனக்கு டீ சூடாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் அதற்குக் கொடுத்துவைக்கவில்லை. சுவர் அளவுக்கு விரித்த படத்தில் பென்சிலால் ஒரு தொகுதியின் எல்லையை இழுத்து முடிப்பதற்குள் டம்ளரில் ஆடை கட்டிவிடும். மாற்றி இழுத்தால் அழித்த தடம் வேறு காட்டிக்கொடுக்கும். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒரு வாய் குடித்து நிமிர்வதற்குள் நூறு படம் போட்டுத் தள்ளுகிறது. எந்தத் தெரு யாருக்கு ஓட்டுப் போடும் என்று நிறத்திலேயே காட்டுகிறது. தடம் என்று ஒன்று கிடையாது.

விசாரணைக்கு வந்த ஐயா கேட்பது கல்லுடைப்பவர்களின் குடியிருப்பைப் பற்றி. நான் பிறந்த இடம்தான். அப்பா பாறையைக் கண்ட இடத்தில் அடிக்கமாட்டார். தடவிப் பார்ப்பார். உள்ளே ஓட்டம் எப்படிப் போகிறது என்று தெரிந்ததும் வரிசையாக ஆப்பு இறக்கி மெல்லத் தட்டுவார். பாறை தானாகப் பிளந்துகொள்ளும்.

அங்கே கல்லை ஜல்லியாக அரைக்கும் கிரஷர் ஒன்று ஓடுகிறது. அதன் முதலாளிதான் அந்தத் தொகுதியின் உறுப்பினர். தூசி அடங்கத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும் என்பது சட்டம். அவர் பீய்ச்சவில்லை. என் தம்பி அங்கே வேலை செய்தான். இருமினால் ரத்தம் வந்தது. அக்கா அவரை எதிர்த்துத் தேர்தலில் நிற்பதாகச் சொன்னாள். ஜெயித்தால், தண்ணீர் பாயும்வரை கிரஷரை ஓடவிடமாட்டாளாம். செய்யக்கூடியவள். குடியிருப்பு மொத்தமும் அவள் பக்கம்.

முதலாளி என் அறைக்கு வந்தார். மிரட்டவில்லை.

"நீ நம்ம பையன். பார்த்துச் செய்," என்றார்.

தொகுதி பிரிக்கும் எங்கள் அலுவலகத்தில் எனக்குக் கல்லுடைக்கிறவன் மகன் என்றுதான் பேர். நம்ம பையன் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

குடியிருப்பைத் திரையில் தடவிப் பார்த்தேன். குழாயடித் தெரு ஓர் ஓட்டம், சாக்கடை இன்னொன்று. குடியிருப்பு மூன்று துண்டாகி, ஒவ்வொரு துண்டும் ஒரு பெரிய தொகுதியோடு ஒட்டிக்கொண்டது. சத்தமே இல்லை. அக்கா தோற்றாள்.

தம்பியைப் பார்க்கப் போனபோது அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, எதிர்வீட்டுக்காரி உப்பு கேட்டு மட்டும் எங்கிட்ட வர்றா, ஓட்டு வேற தொகுதியாம். தெருவுல அந்தக் கோடு எங்கடா இருக்கு? காட்டு, தாண்டிப் பார்க்கிறேன்."

"கம்ப்யூட்டர் போட்டது, அக்கா. எனக்கென்ன தெரியும்?"

தம்பி கட்டிலில் கிடந்தபடி சிரித்தான். "விடுக்கா. சின்ன வயசுலயும் ரொட்டிய இவன்தானே பங்கு போடுவான். பெரிய துண்டு தானா இவன் கைக்கு வந்துடும்." சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அடுத்த மழைக்கு அவன் இல்லை.

கம்ப்யூட்டர் மேல் பழி போடுவது நியாயமில்லை, ஐயா. அது போட்ட படங்களில் குடியிருப்பு ஒன்றாகத்தான் இருந்தது. நாலு பேரை அனுசரித்துப் போக அதற்குத் தெரியாது, பாவம். பிரிக்கச் சொன்னது நான். மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தபோதெல்லாம் மறுபடி பிரிக்கச் சொன்னதும் நான்தான்.

தம்பி போனதும் ஆள் கணக்கிலிருந்து அவன் பேரை நானே எடுத்துவிட்டேன். தொகுதிக்குத் தொகுதி ஆட்கள் சமமாக இருக்க வேண்டுமே. அதைச் சரிக்கட்ட அக்கா வீட்டைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ள வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இருப்பதே நாங்கள் இரண்டு பேர். குடும்பத்தைப் பிரித்துவைப்பதில் அவளுக்கு அப்படியென்ன லாபம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.