பூஜ்யம் போடாத ரிப்போர்ட்

— உங்க ரிப்போர்ட்டை நான் வாசிக்கிறேன், நீங்களே கேளுங்கம்மா. பதினேழாம் தேதி காலையில பத்து இருபதுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் இன்டர்நெட் இல்லை. காரணம்ங்கிற கட்டத்துல அணில்னு எழுதியிருக்கீங்க.

— அணில்தான் சார் கடிச்சது.

— இருபத்தி மூணாம் தேதி, ஒண்ணே முக்கால் மணி நேரம். குப்பை லாரி.

— உயரமா லோடு ஏத்திட்டு வந்து கேபிளை இழுத்துட்டுப் போயிடுச்சு. இதோ நிக்கிறானே என் கொழுந்தன், இவன்தான் கம்பத்துல ஏறி ஒட்டினான்.

— ஒட்டின கையைக் காட்டவா சார்? கேபிள் கிழிச்ச இடம் இன்னும் ஆறலை.

— நீ சும்மா இரு தம்பி.

— எப்படி அண்ணி சும்மா இருக்கிறது? லைன் நின்ன நேரம் பூஜ்யம்னு போட்டு அனுப்புங்கன்னு அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். பக்கத்துத் தெருவுல அந்தப் பெரிய கம்பெனி லைன் மூணு நாள் செத்துக் கிடந்துச்சே. அவங்க என்ன சார் போட்டாங்க?

— மத்தவங்க ரிப்போர்ட்டை நான் சொல்லக் கூடாது.

— பூஜ்யம்தானே?

— ஃபேனைக் கொஞ்சம் குறைச்சுக்கிறேன். தாள் பறக்குது.

— பார்த்தீங்களா அண்ணி? ஃபேனுக்குப் பதில் சொல்றாரு.

— சார், மூணு மாசத்துக்கு ஒருக்கா ரிப்போர்ட் கேட்டீங்க. ஆறு வருஷமா ஒண்ணு விடாம அனுப்பினேன். எங்ககிட்ட இருக்கிறது இருநூத்திப் பத்து வீடு. லைன் போனா முதல் போன் எனக்குத்தான் வரும். நேரத்தைக் காலண்டர்ல குறிச்சிட்டுத்தான் மறுவேலை. குறிச்சதைத்தான் எழுதினேன். வேற எதை எழுதுறது?

— நீங்க பொய் எழுதலைம்மா. அதுதான் சிக்கலே. இப்போ புது விதி. மூணு மாசத்துல மொத்தம் நாலு மணி நேரத்துக்கு மேல லைன் நின்னா எச்சரிக்கை. ரெண்டாவது தடவையும் நின்னா லைசென்ஸ் ரத்து. உங்களுக்கு இது ரெண்டாவது.

— எங்களுக்கு எவ்வளவு சார் வருது?

— கரண்ட் போனதையும் சேர்த்து அஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம்.

— அந்த அணிலை வேணா கூட்டிட்டு வரவா? கையெழுத்து வாங்கிக்கோங்க.

— தம்பி! சார், ரத்துன்னா இருநூத்திப் பத்து வீடுமா?

— திங்கட்கிழமைக்குள்ள அந்தப் பெரிய கம்பெனிக்கு மாத்தி விட்டுடுவாங்க.

— என் வீட்டுக்காரர் கம்பத்துலேருந்து விழுந்து முதுகு ஒடிஞ்சு கிடக்காரு சார். எங்களுக்கு இந்த லைனை விட்டா ஒண்ணும் இல்லை.

— தெரியும்மா. அதையும் இதுக்கு முந்தின ரிப்போர்ட்டுல எழுதியிருந்தீங்க. ரெண்டு மணி நேரம் நின்னுச்சு, காரணம்: ஆள் விழுந்துட்டாருன்னு.

— திருத்தி இன்னொண்ணு அனுப்பினா?

— அனுப்பினது அனுப்பினதுதான் தம்பி. கம்ப்யூட்டர்ல எனக்கே அந்தப் பக்கம் திறக்காது.

— மேல யாரையாவது பார்க்கட்டுமா சார்?

— மேல இருக்கிறவங்களை நானே கையெழுத்தாத்தான் பார்த்திருக்கேன். என் வேலை இந்த முத்திரையைக் குத்துறது மட்டும்தான்.

— நான் எழுதினதை யாராவது படிச்சாவது பார்த்தாங்களா?

— நான் படிப்பேன்மா. ஒவ்வொரு வரியும்.

— சரி சார், இந்த நாலு மணி நேரக் கணக்கை முடிவு பண்ணினது யாரு? கண்டிப்பா கம்பத்துல ஏறினவனா இருக்க மாட்டான்.

— ஒரு கமிட்டி. ஏதாவது ஒரு அளவு வேணும்னு எல்லாரோட ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கினாங்க. நூத்தி நாப்பது பேர். எதைத் திறந்தாலும் பூஜ்யம். பூஜ்யத்தை வச்சு எப்படி விதி எழுதுறது? அப்போ நான்தான் முந்திரிக்கொட்டையாட்டம் ஒரு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். சின்ன லைன்தான், ஆனா கண்ணும் கருத்துமா நடத்துறாங்க, உள்ளதை உள்ளபடி எழுதுறாங்க, இதை மாதிரியா வச்சுக்கலாம்னேன்.

— யாரோட ரிப்போர்ட் சார் அது?

— உங்களோடதும்மா. உங்களுக்கு நல்ல பேர் கிடைக்கட்டும்னு, ஆறு வருஷத்துல பழுது ரொம்பக் குறைஞ்ச மூணு மாசமாப் பார்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தேன். மொத்தமே நாலு மணி நேரம்.