வால் மெலிந்த குட்டி

"மாமா, வால்ல கொழுப்பு இல்லாத குட்டி எப்படித் தூங்கும்?" என்று தாஹியா ஒருநாள் என்னைக் கேட்டாள், ஐயா. ஆறு வயதுப் பிள்ளை. என் தங்கை நீலக்கல் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனபோது என்னிடம் விட்டுப்போனவள்.

ஆராய்ச்சி முகாமில் குள்ள லெமூர்களைப் பொறி வைத்துப் பிடித்து எடை போடுவது என் வேலை. கைக்குள் அடங்குகிற உயிர். மழைக்காலத்தில் தின்று வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு வறண்ட மாதங்கள் முழுக்க மரப்பொந்தில் தூக்கம். உடம்பு மரத்தைப் போலக் குளிர்ந்துவிடும். நெஞ்சு எப்போதாவது ஒருமுறை துடிக்கும். பசி கிடையாது, அழுகை கிடையாது. ஆண்டவரின் கருணைக்கு அதைத்தான் ஜெபக்கூட்டத்தில் உதாரணமாகச் சொல்வேன்.

எங்கள் ஆண்ட்ரோய் வட்டாரத்தில் மூன்று வருடமாக மழை இல்லை. கள்ளிப்பழமும் தீர்ந்து, புளியைச் சாம்பலோடு பிசைந்து தின்றோம். பக்கத்து வீட்டு ரசூவா ஐந்து காய்ந்த மரவள்ளிக்கிழங்கு கடனாகக் கொடுத்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"பொறியில வாழைப்பழம் வைக்கிறியே அண்ணே, வீட்டுக் குட்டிக்கு ஒண்ணு வச்சா உன் சாமி கோவிச்சுக்குமா?"

"அது முகாமோட பழம். நான் திருட மாட்டேன்."

"சரிதான். சொர்க்கத்துல உனக்கு வாழைத்தோப்பே எழுதி வச்சிருப்பாங்க, போ."

பிள்ளை பசியில் அழுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. சந்தையில் தூக்கம் தரும் இருமல் மருந்து கிடைத்தது. இனிப்பாக இருந்ததால் அவளே கேட்டு வாங்கினாள். "இன்னொரு மூடி குடு மாமா. நானும் பொந்துக்குள்ள போறேன்."

கொடுத்தேன். அடுத்தடுத்த நாட்களிலும் கொடுத்தேன். மழை வந்ததும் எழுப்பிக் கொடுக்கலாம் என்று ரசூவா கொடுத்த ஐந்து கிழங்கையும் அவள் பங்காக எடுத்து வைத்தேன். தினமும் காலையில் முகாமில் செய்வதுபோலவே அவள் நெஞ்சில் கைவைத்து எண்ணினேன். துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது.

"புள்ளைய வெளியவே காணோமே அண்ணே?" என்றாள் ரசூவா.

"தூங்குது."

"பட்டப்பகல்லயா?"

ஆறாம் நாள் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

அவள் கேட்ட கேள்விக்கு நான் அன்றே பதில் சொல்லியிருந்தேன். மெலிந்த வாலோடு தூங்கப் போகும் குட்டி எழுந்திருக்காது. நோட்டில் அப்படித்தான் குறித்து வைப்போம். ஆனால் அந்தக் குட்டிகளுக்காக யாரும் ஜெபிப்பதில்லை. தாஹியாவுக்காக நான் தினமும் ஜெபித்தேன்.

எங்கள் சாவுச் சடங்கில் மாடு அடிப்பது வழக்கம்; அடிக்க மாடு இல்லாததால் அடக்கம் சீக்கிரம் முடிந்தது. எல்லோரும் கல்லறையில் கடைசிக் கல்லை வைத்துக்கொண்டிருந்தபோது நான் முன்னதாகத் திரும்பி, எடுத்து வைத்திருந்த ஐந்து கிழங்கையும் ரசூவா வீட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளையின் பங்கில் ஒரு துண்டைக்கூட நான் தின்னவில்லை, ஐயா.