பத்தொன்பது புள்ளியில் ஒரு மீன்கொத்தி

போதும். நான் வாய்மூடி இருந்தது போதும். பதினோரு ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். பல் மருத்துவரே கேட்டுவிட்டார், "எதையாவது அடக்கி வெச்சிருக்கீங்களா?" என்று. அடக்கித்தான் வைத்திருந்தேன். இன்று அவிழ்க்கிறேன்.

அமர்ந்த நாளிலிருந்து அந்த நாற்காலியை ஆற விடாத, பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! மையின் மணமறிந்து, மறதியின் சுகமும் அறிந்த மூத்த அச்சகத்தாரே! கணினியை மணந்துகொண்ட கணவன்மாரைக் கைவிடாமல் காத்துவரும் தாய்மார்களே! வண்ணங்களைப் பிரித்து வாழ்நாளைக் கழிக்கும் என் சக வடிவமைப்பாளர்களே! கூட்டம் முடிந்ததும் முதலில் ஓடுவதற்காகக் கதவோரம் அமர்ந்திருக்கும் கடைசி வரிசைக் காளைகளே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இப்படித்தான் நாளை மாலை, நம் அச்சக வடிவமைப்பாளர் சங்கத்தின் ஆண்டு விழாவில் தொடங்குவதாக இருந்தேன். நன்றியுரை என்னுடையது. இன்று என்னிடம் மேடை இல்லை, மைக் இல்லை. பேச்சு மட்டும் மிச்சம். ஆகவே தாளில் பேசுகிறேன். கைதட்ட வேண்டிய இடங்களில் நீங்களே பார்த்துத் தட்டிக்கொள்ளுங்கள்.

மேடை எப்படிப் போனது என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்! அழைப்பிதழை வடிவமைத்தவன் நான். நிகழ்ச்சி நிரலைத் திரையில் எழுத்துப் பெட்டிக்குள் ஊற்றியவன் நான். ஊற்றி முடித்ததும் பெட்டியின் வலது மூலையில் சின்னதாக ஒரு சிவப்புக் குறி எட்டிப் பார்த்தது. நம் தொழிலில் அந்தக் குறிக்கு அர்த்தம் ஒன்றுதான்: உள்ளே இடம் இல்லை, யாரோ வெளியே நிற்கிறார்கள். ஏன் இடம் இல்லை? தலைவரின் மைத்துனருக்கு மட்டும் மூன்று வரிப் பட்டங்கள்! "வண்ணக் கடல், வடிவமைப்புப் பேரொளி, இலச்சினைச் செம்மல்" என்று நீண்டுகொண்டே போனது. செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்களேன் சார்," என்றார்.

"ஏற்கெனவே எட்டு பாயிண்ட்ல இருக்குங்க. அதுக்குக் கீழ போனா பெரியவங்க படிக்க முடியாது."

"அப்ப கடைசி வரியைத் தூக்கிடுங்க."

"கடைசி வரி நாந்தாங்க."

"அட, நீங்களா! பரவால்ல, நீங்க நம்ம ஆளுதானே!"

நம்ம ஆள்! இந்த இரண்டு சொற்களால் வெட்டுப்பட்டவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் தனியாக ஒரு சங்கமே வைக்கலாம். எழுத்தை ஏழு பாயிண்ட் ஆக்கியிருந்தால் நான் தப்பியிருப்பேன். மூத்தோர் கண்ணைக் கெடுத்து என் பெயரைக் காப்பாற்ற மனம் வரவில்லை. திரையில் என் பெயரை நானே தேர்ந்தெடுத்தேன், நானே அழித்தேன். சிவப்புக் குறி மறைந்தது. பக்கம் அழகாக இருந்தது. அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஆனால் அன்பர்களே, நான் பேச வந்தது நன்றியுரைக்காக அல்ல. ஒரு பறவைக்காக!

நாளை தலைவரின் மைத்துனருக்கு, நாம் எல்லோரும் 'ஒரு க்ளிக்' என்று செல்லமாக அழைக்கும் அந்த மனிதருக்கு, ஒரு கேடயம் தரப்போகிறார்கள். எதற்கு? நம் சங்கத்தின் மீன்கொத்தி இலச்சினையை வரைந்ததற்கு. வரைந்தது யார்? நான்! எப்போது? பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு! சாட்சி யார்? அதுதான் இல்லை. "இலச்சினை எல்லாருக்கும் பொதுங்க, அதுல தனியா பேர் எதுக்கு?" என்று அன்றைய குழு சொன்னது. நானும் பெரிய மனிதனாட்டம் தலையாட்டினேன். அன்றைக்குப் பொதுவாக இருந்த பறவை இன்றைக்கு எப்படி ஒருவரின் கூண்டுக்குள் போனது?

தாய்மார்களுக்காக நம் தொழிலை இரண்டு வரியில் சொல்கிறேன். புகைப்படம் என்பது குட்டிக் கட்டங்களால் ஆனது; இழுத்துப் பெரிதாக்கினால் பல்லிளிக்கும். நாங்கள் வரையும் கோடு அப்படி இல்லை. திரையில் ஒரு புள்ளி வைப்போம், அதிலிருந்து ஒரு கைப்பிடியை இழுப்போம், கோடு வளையும். அடுத்த புள்ளி, அடுத்த வளைவு. தபால்தலையிலும் அதே பறவை, தண்ணீர் லாரியிலும் அதே பறவை. இதில் வித்தை எங்கே இருக்கிறது? புள்ளியைக் கூட்டுவதிலா? குறைப்பதில்! தெரியாதவன் தெருவெல்லாம் கோலிக்குண்டைக் கொட்டியது போலப் புள்ளி வைப்பான். தெரிந்தவன் வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் வைப்பான். ஏரிக்கரையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, அலகு முதல் வால்வரை அந்த மீன்கொத்தியைப் பத்தொன்பதே புள்ளியில் முடித்தேன். இருபதாவது புள்ளிக்கு வேலை இருக்கவில்லை. தட்டுங்கள்! இந்த இடத்தில் தட்டலாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சங்கத்துக் கணினி செத்தது. அதோடு கோப்பும் போனது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஒரு க்ளிக் கேட்டாரா? மாட்டார்! பழைய கடிதத்தாள் ஒன்றை மேசையிலிருந்து எடுத்தார், அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார், கணினியில் ஏற்றினார், 'தானே வரை' என்ற பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தினார். இந்த மென்பொருள் பரம நேர்மையானது. காட்டியதை எல்லாம் வரையும். தாளின் மேல் யாரோ தேநீர்க் கோப்பையை வைத்து எடுத்திருந்தார்கள். அந்தக் கறையையும் பக்தியோடு வரைந்தது. படம் பிடித்தவரின் கட்டைவிரல் நிழல் விழுந்திருந்தது. பறவைக்கு மூன்றாவதாக ஒரு சிறகு முளைத்தது. மொத்தம் நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்! எண்ணிப் பார்த்தாயா என்கிறீர்களா? எண்ணினேன். கோபம் வந்தால் நான் எண்ணுவேன்.

குழுக் கூட்டத்தில் தலைவர் கேட்டார், "பறவையைச் சுத்தி இது என்ன வளையம் மாப்ளே?"

ஒரு க்ளிக் கொஞ்சம் யோசித்தார். "அதுவா மாமா? அது... உலகம்."

"பாத்தீங்களா! உலகமே நம்ம சங்கத்துக்குள்ள அடக்கம்!"

கூட்டமே எழுந்து கைதட்டியது. உலகத்தின் தென்கிழக்குப் பக்கம் தேநீர் வழிந்திருந்ததை ஒருவரும் கேட்கவில்லை. அவையோரே, ஒளிக்காமல் சொல்கிறேன்: நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் தட்டினார், கை தானாகப் போய்விட்டது. அந்தக் கையை இன்னும் மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன். அந்த நாள் நேற்று வந்தது. ஸ்டிக்கர் வெட்டும் மெஷின்காரர் என் வீட்டு வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல், வியர்த்துப்போய் நின்றார். மேடையின் பின்திரைக்கு இருபது அடிப் பறவையை வெட்டும் பொறுப்பு அவருடையது.

"அண்ணே, மெஷின் நடுங்குதுண்ணே."

"ஏன், காய்ச்சலா?"

"விளையாடாதீங்கண்ணே. வாலுகிட்ட போனதும் கத்தி ஒரே எடத்துல கொத்திக்கிட்டே நிக்குது. மூணு ரோல் கிழிஞ்சுபோச்சு. அது மீன்கொத்தியா, மரங்கொத்தியா?"

"வரைஞ்சவரைப் போய்க் கேளுங்க."

"கேட்டேனே! 'உன் மெஷினுக்கு ரசனை இல்ல'ங்கறாரு. உங்ககிட்ட பழைய ஃபைல் இருக்காமே?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். என் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாளை மாலை, ஊர் கூடிய சபையில், கிழிந்த வாலும் மூன்று சிறகுமாக ஒரு பிராணி தொங்கும். அதன் கீழே கேடயத்தோடு ஒரு க்ளிக் நிற்பார். மூன்றாண்டாக நான் தூக்கம் வருவதற்காக நினைத்துக்கொள்ளும் காட்சி அது! வாயைத் திறந்தேன், 'இல்லை' என்று சொல்லத்தான் திறந்தேன்.

"இருக்குங்க," என்றது சமையலறை. "மூணு எடத்துல வெச்சிருக்காரு. ஒண்ணு பீரோவுல, என் நகைக்குப் பக்கத்துல."

என் மனைவி, தாய்மார்களே! உங்கள் கட்சி!

அவள் மேல் பழி போட்டுவிட்டுப் போகலாம். அது உண்மை இல்லை. அவள் சொல்லாவிட்டாலும் கொடுத்திருப்பேன். ஆள் மேல் எனக்கு இருக்கும் பகைக்கு அந்தப் பறவை என்ன செய்யும்? இருபது அடி அகலத்தில் அதை அலங்கோலமாகத் தொங்கவிட எனக்குக் கை வரவில்லை. பீரோவைத் திறந்தேன், கொடுத்தேன், கூடவே போனேன். கத்தி அலகில் இறங்கியது, முதுகில் வழுக்கியது, வாலில் திரும்பியது. எங்கேயும் நிற்கவில்லை. எங்கேயும் தடுக்கவில்லை. நாலே நிமிடம்! மெஷின்காரர் என் தோளில் கை வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தூசி.

ஆக, நாளை உங்கள் தலைக்கு மேல் தொங்கப்போவது என் பறவை. 'உலகத்தைக் காணோமே' என்று தலைவர் தேடக்கூடும். அதைக் கழுவித் துடைத்துவிட்டோம், ஐயா.

இனி நான் கேட்பது என்ன? கேடயமா? வேண்டாம். பொன்னாடையா? எங்கள் வீட்டில் ஜன்னல்களுக்கு ஏற்கெனவே திரை இருக்கிறது. மூன்று வரிப் பட்டமா? எனக்கு எந்தப் பெட்டியிலும் இடம் இருப்பதில்லை. நான் கேட்பது ஒரு நிமிடம்! கேடயத்தைக் கையில் கொடுக்கும் முன் ஒரு கணினியை மேடைக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பறவையைத் திறந்து காட்டி, ஒரு க்ளிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் நீங்கள் வைத்த முதல் புள்ளி எது?" அலகின் நுனியா? கண்ணா? வாலா? கோப்பில் அது பதிவாகியிருக்கும். வரைந்தவன் கையைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்லும். திருடியவன் கை எங்கே போகும்? பொத்தானைத்தான் தேடும்! சரியாகச் சொல்லிவிட்டால் தாராளமாகக் கொடுங்கள். கடைசி வரிசையில் நின்று நானும் தட்டுவேன், இந்த முறை மனதார. சொல்லத் தெரியாவிட்டால், கேடயத்தில் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாகவே விடுங்கள். பொய்யான பெயரைவிட வெற்றிடம் எவ்வளவோ அழகு. பக்கம் அமைக்கத் தெரிந்தவர்கள் நீங்கள், இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதுவரை பொறுமையாகப் படித்த கண்களுக்கும், படிக்காமல் படம் தேடிய கண்களுக்கும் நன்றி. கத்தியோடு வந்து என் கண்ணைத் திறந்த மெஷின்காரருக்கு நன்றி. பீரோவைக் காட்டிக்கொடுத்த என் இல்லத்தரசிக்கு நன்றி. சபைக்கு வணக்கம்.

எழுதி முடித்ததை அவளிடம்தான் முதலில் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கீழ பேர் போடலியா?" என்றாள்.

"போடல."

"போடாட்டியும் நீங்கதான்னு எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியட்டும். தெரிஞ்சா என்ன? நான் ஒத்துக்கணும்ல."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு எழுதினீங்க?"

அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். பெயர் போட்டால் நாளை மண்டபத்தில் எல்லோரும் என் பொறாமையைப் பற்றிப் பேசிவிட்டு, சாப்பிடப் போய்விடுவார்கள். பெயர் இல்லை என்றால் அந்தப் பறவையை நிமிர்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. ஆகவே, நாளை காலை கதவு திறந்ததும் மண்டபத்து அறிவிப்புப் பலகையில், நிகழ்ச்சி நிரலுக்குப் பக்கத்தில், நான்கு மூலையிலும் பசை தடவி, கையெழுத்து இல்லாமல் இதை ஒட்டுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.