மொட்டைவால்காரியின் கல்

ஹலோ... ஹலோ! இர்மா கோமாத்ரேவா?... நான்தான், டெல்ஃபினா... ஆமா ஆமா, மலை மேல இருந்துதான் பேசறேன்... கத்தாதீங்க, நல்லாவே கேக்குது. அடுப்படி ஜன்னல்கிட்ட நிக்கறேன். இங்க மட்டும்தான் சிக்னல், ஒரு அடி நகர்ந்தா போயிடும்...

எல்லாரும் நல்லா இருக்கோம். என் பொண்ணு, உங்க ஞானமக யானினாவுக்கு முன்பல்லு விழுந்துடுச்சு... ஆமா, சிரிச்சா கெழவி மாதிரி இருக்கா... செவெரோவா? வீட்டுக்காரரு இந்தா, அடுப்பு முன்னாடி உக்காந்துக்கிட்டு என் வாயையே பாத்துட்டிருக்காரு... ஒண்ணுமில்ல கோமாத்ரே, சும்மாதான் கூப்பிட்டேன்... என் குரல் எப்பவும் இப்படித்தானே...

நேத்தா? நேத்து நல்லபடியா முடிஞ்சது. இந்த வருஷம் பூமித்தாய்க்கு ஊட்டற முறை எங்க வீட்டுக்கு வந்துச்சுல்ல... ஆமா, குழி தோண்டி, சோளக் கள்ளு சிச்சா ஊத்தி, கோக்கா இலை போட்டு, லாமாக் கறி வச்சு... வயிறார ஊட்டியாச்சு. பட்டணத்துல இருந்து என் நாத்தனார் வந்திருந்தா. தெரியும்ல அவளை? சிச்சா தண்ணியா இருக்கு, தண்ணியா இருக்குன்னு சொல்லிக்கிட்டே ஒரு குடத்தைக் காலி பண்ணிட்டா...

கோமாத்ரே, ஒரு சந்தேகம். நீங்க ஆராய்ச்சி பண்ற பல்லிங்க இருக்கே... இல்ல, சும்மா பொதுவாக் கேக்கறேன். குளிர்காலத்துல அதுங்க எவ்வளவு ஆழத்துல கிடக்கும்?... ஒரு சாண். ஆமா, சொல்லியிருக்கீங்க... இல்ல, எனக்கு ஒரு சாணுன்னா ரொம்ப ஆழமாத் தோணுச்சு...

எல்லாம் ஞாபகம் இருக்கு. நீங்க சொல்லித் தந்ததை உங்களுக்கே ஒப்பிக்கறேன், கேளுங்க. இந்தக் குளிருல மண்ணுல முட்டை போட்டா பொரியாது. அதனால வயித்துலயே வச்சுக்கிட்டு, வெயில் எங்கயோ அங்க குட்டியைத் தூக்கிட்டுப் போகும். சரியா?... அப்புறம் கல்லு. ரொம்ப மெல்லிசா இருந்தா பகல்ல சுடும், ராத்திரி உறையும். ரொம்பத் தடிச்சா சூடே உள்ள இறங்காது. உள்ளங்கை அகலம் தடிமன், தட்டையா, வெயில் பக்கம் சாஞ்சது. அந்தக் கல்லு பகல் பூரா வெயிலைக் குடிச்சு வச்சுக்கிட்டு, ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா விடும். ரொட்டிக் கல்லு அடுப்பு அணைஞ்ச பிறகும் சுடுமே, அந்தக் கதைதான்... பாத்தீங்களா, மறக்கல...

மறந்திருந்தா இப்ப கூப்பிட்டிருக்க மாட்டேன் கோமாத்ரே.

இருங்க, சொல்றேன்... சொல்றேன், அவசரப்படுத்தாதீங்க. நேத்துக் காலையில கணவாய் உச்சிக்குப் போனோம், அப்பச்செத்தாவுக்கு. வெறுங்கையோட அந்தக் கல்மேட்டுக்கிட்ட போகக்கூடாது, ஆளுக்கொரு கல்லு கொண்டு போய் வைக்கணும்னு உங்களுக்குத் தெரியும். எப்பவும் ஆத்துலதான் எடுப்போம். நேத்துன்னு பாத்து ஆறு உறைஞ்சு, கல்லெல்லாம் பனிக்கட்டிக்குள்ள. நெம்பிப் பாத்தாச்சு, உதைச்சுப் பாத்தாச்சு, அசையல. பின்னால ஊரே நிக்குது. நாத்தனாரு, "முறை எடுத்தவளுக்கு ஒரு கல்லுக்கு வழியில்லியா"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி கேக்கறா...

ம்... ஆமா... அந்த வழியிலதான் உங்க பல்லிங்க இருக்கிற சரிவு.

ஆமா... ஆமா கோமாத்ரே. நான்தான் சொன்னேன். இங்க எடுங்க, கல்லு கல்லுதானேன்னு... இல்ல, யாரும் கேக்காம எடுக்கல. அவங்க தயங்குனாங்க, "டாக்டரம்மா கல்லுல நம்பர் எழுதி வச்சிருக்காங்களே"ன்னு. நான்தான், "பல்லியெல்லாம் கோடையிலதான், இப்ப அதுங்க பாதாளத்துல தூங்குது"ன்னேன்...

எல்லாரும் எடுத்தாங்க... நம்பர் போட்ட கல்லும்தான். நல்ல கல்லாப் பாத்து எடுத்தாங்க. மேட்டு மேல வச்சா சரியாம, தட்டையா, தூக்க வாகா... அதுதான் என்னைக் கொல்லுது. அதுங்களுக்கு எது நல்ல கல்லோ, எங்களுக்கும் அதே கல்லுதான்...

ஹலோ?... இருக்கீங்களா?... ஏதாவது திட்டுங்க கோமாத்ரே.

எது?... நான் எடுத்ததா? ஏழாம் நம்பர்... ஆமா, அவளோடதுதான். வால் அறுந்த அந்தப் பல்லி, மொட்டைவால்காரி... உயிரோட இருக்கா, இருக்கா! அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இன்னிக்குக் காலையில மனசு கேக்காமப் போய்ப் பாத்தேன். வெட்ட வெளியில குச்சி மாதிரி விறைச்சுக் கிடந்தா. மஞ்ச வயிறு, கழுத்துல அந்த நீலப் பொட்டு, அவளேதான். வயித்தைத் தொட்டுப் பாத்தேன், உருண்டையா இருக்கு, உள்ள குட்டி... முந்தானைத் துணியில சுத்திக் கொண்டு வந்துட்டேன்...

நேத்துக் கல்லைத் தூக்கறப்பவா?... இல்ல. எங்க பாத்தேன்... கண்ணுல மண்ணு, முதுகுல காத்து, பாக்கல...

இப்ப நல்லா இருக்கா! டப்பாவுல பஞ்சு வச்சு அடுப்பு பக்கத்துல வச்சிருக்கேன். காலை அசைச்சா கோமாத்ரே, கண்ணைக்கூடத் திறந்து... என்ன?... என்ன சொல்றீங்க?... செவெரோ! டப்பாவை எடு! அடுப்பு பக்கத்துல இருந்து எடுய்யா!... உருளைக்கிழங்கு அறைக்குக் கொண்டு போ... வெளிய இல்ல, வெளிய உறைபனி! கிழங்கு அறை, மூலையில, தரையில... மெதுவா! அது பிள்ளைத்தாச்சி!

எடுத்துட்டாரு... சொல்லுங்க... ம்... சூடு பட்டா முழிச்சுக்கும், முழிச்சா பசிக்கும்... ம்... தின்ன ஒரு ஈயும் கிடையாது... உடம்புல சேர்த்து வச்ச கொழுப்பு எரிஞ்சு போயிடும்... குட்டிக்கும் அதுதானே சாப்பாடு... ஐயோ. நல்லது பண்றேன்னு நினைச்சு அடுப்புக்கிட்ட வச்சேனே...

குளிரணும். ஆனா உறையக்கூடாது. மெதுவாத் திரும்பத் தூங்கணும்... சரி. சரி. அப்புறம் மண்ணுக்குள்ள, அது மேல கல்லு... மத்ததுங்க? இன்னிக்கு ராத்திரிக்குள்ள மூடலைன்னா?... எல்லாம் உறைஞ்சே போயிடும்...

ம்...

நீங்க அன்னிக்குச் சொன்னீங்க, மலைக்கு மலை ஒரு சாதி, நடுவுல இருக்கிற சூடான பள்ளத்தாக்கைத் தாண்ட முடியாம ஒவ்வொண்ணும் அதது மலையிலயே தனிச் சாதி ஆயிடுச்சுன்னு. இந்த மஞ்ச வயித்துக்காரிங்க இந்தச் சரிவைத் தவிர எங்கயும் இல்லைன்னு... அந்தச் சரிவைத்தான் நான்...

அதை மட்டும் கேக்காதீங்க கோமாத்ரே! மேட்டுல இருந்து திரும்ப எடுக்கறதா? பூமித்தாய்க்குக் குடுத்ததை அவ வாயில இருந்து பிடுங்கறதா? அதுவும் அவளுக்கு ஊட்டற மாசம், இந்தக் குளிர்கால ஆகஸ்டுல? ஊரு என்னைச் சும்மா விடாது... ஊரை விடுங்க, என் கையே போகாது...

ஆத்துலயும் முடியாது. ஐஸ்...

இருங்க. ஜன்னல்ல பாக்கறேன்... கோமாத்ரே, எங்க லாமாப் பட்டிச் சுவரு! மாமனார் அதே சரிவுல இருந்து கொண்டு வந்து கட்டுனதுதானே. எல்லாம் அதே கல்லு, அதே தடிமன்... ஆமா, வெறும் அடுக்குதான், மண்ணுகூடப் பூசல... என்ன முறைக்கற செவெரோ? ஆமா, உங்க அப்பா கட்டுன சுவருதான்... மலைச்சிங்கம் பூமா வந்தா வரட்டும். லாமாங்க எல்லாம் இங்க அடுப்படியில படுக்கும். உங்க அக்கா பக்கத்துலயே படுக்கட்டும், அவளுக்குக் குளுருதாம்...

சரிங்கறாரு கோமாத்ரே. கழுதையைப் பூட்டப் போறாரு... தெரியும், கறுத்த பக்கம் மேல, வெளுத்த பக்கம் கீழ. சூரியன் பட்ட பக்கம் மேல இருக்கணும்... சாய்ச்சு வைக்கறேன், அமுக்கி வைக்க மாட்டேன்... எத்தனை பிழைக்கும்?... ம்... சொல்ல முடியாது. சரி...

வாங்க. நீங்க வாங்க, என் முகத்தைப் பாத்துத் திட்டுங்க... காத்து எழுந்துடுச்சு, லைன் இரையுது. கேக்குதா?...

கோமாத்ரே, வைக்காதீங்க. அப்ப ஒண்ணு கேட்டீங்களே, கல்லைத் தூக்கறப்ப பாத்தீங்களான்னு... பாத்தேன். நல்லாப் பாத்தேன். மடிஞ்சு படுத்திருந்தா, குட்டை வாலை வயித்தோட ஒட்டி வச்சுக்கிட்டு. பின்னால எல்லாரும் நின்னாங்க. காலால கொஞ்சம் மண்ணைத் தள்ளி அவளை மூடிட்டு, கல்லைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டே போனேன்...

கோமாத்ரே?... ஹலோ?... பாத்தேன்னு சொன்னேன், கேட்டுச்சா?... ஹலோ! ஹலோ!

போச்சு... செவெரோ, லைன் போச்சு. எது வரைக்கும் அவங்க காதுல விழுந்துச்சுன்னு தெரியல... இன்னொரு தடவை இதைச் சொல்ற தைரியம் எனக்கு எங்கிருந்து வரும்?... வா. முதல் கல்லை நான் எடுக்கறேன்.